சொந்த வீடு வாங்கியாச்சு... வாடகை வீடு விடுமா?

அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஓராண்டு ஒப்பந்தம் போட்டு வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழிந்ததும் நெடுநாள் தேடிய சொந்த வீடு அமைந்துவிடுகிறது. வங்கிக் கடன் கிடைத்து, பத்திரம் முடிந்து, சாவியும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் ஆறு மாதம் பாக்கி! மாத வாடகை 1,500 டாலர் என்றால் மொத்தம் 9,000 டாலர். ஆள் இல்லாத வீட்டுக்கு வாடகை, புது வீட்டுக்குக் கடன் தவணை என இரண்டையும் கட்டியாக வேண்டுமா?

இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்குக் கிடைக்கும் பதில், "முழுவதும் கட்ட வேண்டியிருக்காது" என்பது. 1970க்கு முன் கேட்டிருந்தால் பல மாநிலங்களில் "ஆமாம், கடைசி டாலர் வரை" என்றுதான் பதில் வந்திருக்கும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அது இங்கிலாந்தில் தொடங்குகிறது.

(ஒரு சின்ன விளக்கம்: நம் ஊரில் 'லீசுக்கு வீடு' என்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. இங்கே பேசப்படுவது அது இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு மாத வாடகை தருவதாகக் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் விஷயம்.)

நிலத்தை வாங்கியது போல

இங்கிலாந்தின் பழைய சட்டம் குத்தகையை ஓர் ஒப்பந்தமாக மட்டும் பார்க்கவில்லை. நிலத்தையே சில ஆண்டுகளுக்குக் கைமாற்றித் தருவதாகப் பார்த்தது. பத்தாண்டுக் குத்தகை என்றால் அந்தப் பத்தாண்டுக்கு நிலம் குத்தகைதாரருடையது. உரிமையாளர் நினைத்தாலும் இடையில் வந்து வெளியேற்ற முடியாது.

இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைத்ததும் அல்ல. தொடக்கத்தில் குத்தகைதாரரை யாராவது விரட்டிவிட்டால் அவருக்கு நஷ்ட ஈடுதான் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. 1499 வாக்கில்தான் நிலத்தையே திரும்பப் பெறும் உரிமையை நீதிமன்றங்கள் அங்கீகரித்தன. குத்தகைதாரருக்கு அது பெரிய வெற்றி.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. நிலம் உன்னுடையது என்றால் அதற்கு வரும் நல்லதும் கெட்டதும் உன்னுடையதுதானே? கடையில் வாங்கிய பொருளை "இனி எனக்குத் தேவையில்லை" என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. குத்தகையும் அப்படித்தான் என்றது சட்டம். விளைந்தாலும் விளையாவிட்டாலும், இருந்தாலும் போனாலும் வாடகை உண்டு.

இளவரசரின் படையும் மூன்று ஆண்டு வாடகையும்

இந்தக் கொள்கை எவ்வளவு கடுமையானது என்பதற்கு 1647ஆம் ஆண்டின் 'பாரடைன் எதிர் ஜேன்' வழக்கு நல்ல உதாரணம். (ஜேன் என்பது இங்கே பெண் பெயர் அல்ல, குத்தகைதாரரின் குடும்பப் பெயர்.)

அப்போது இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். மன்னர் முதலாம் சார்லஸின் அக்கா மகனான இளவரசர் ரூபர்ட்டின் படை, ஜேன் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டது. 1642 முதல் 1646 வரை ஜேனால் அந்த நிலத்தில் கால் வைக்க முடியவில்லை. ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. உரிமையாளர் பாரடைனோ மூன்று ஆண்டு வாடகை பாக்கி என்று வழக்குப் போட்டார்!

ஜேனின் வாதம் நியாயமாகத்தான் இருந்தது. "படை வந்து என்னைத் துரத்திவிட்டது, நான் எப்படி வாடகை கொடுப்பேன்?" நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நல்ல விளைச்சல் வந்திருந்தால் லாபம் முழுவதும் குத்தகைதாரருக்குத்தானே போயிருக்கும், அப்படியானால் நஷ்டமும் அவருடையதுதான் என்றது. இப்படியொரு ஆபத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கலாமே என்றும் சொன்னது.

படையெடுப்புக்கே மன்னிப்பு இல்லை என்றால், "வேறு வீடு வாங்கிவிட்டேன்" என்பது எந்த மூலைக்கு?

எல்லாரும் ஒரே நாளில் வீடு மாறிய ஊர்

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தின் சட்டத்தைத் தங்களோடு கொண்டு சென்றன. விடுதலைக்குப் பிறகும் நிலம், குத்தகை பற்றிய பழைய விதிகள் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தன.

நியூயார்க் நகரில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஊரில் உள்ள பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மே முதல் தேதி முடியும். அன்று காலை நகரமே தெருவில் இருக்கும். வண்டிகளில் கட்டில், பாத்திரம், கண்ணாடி எல்லாம் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். வண்டிக்காரர்களுக்கு அன்று கொண்டாட்டம்தான்!

கூத்தாகத் தெரிந்தாலும் இதில் ஒரு வசதி இருந்தது. பழைய ஒப்பந்தம் முடிகிற நாளும் புதிய வீடு காலியாகிற நாளும் ஒன்றே. இருபதாம் நூற்றாண்டில் இந்த வழக்கம் தேய்ந்து, இரண்டாம் உலகப் போரோடு மறைந்தது. அதன்பின் ஒவ்வொருவர் ஒப்பந்தமும் ஒவ்வொரு தேதியில் முடிந்தது.

வாடகையிலிருந்து சொந்த வீட்டுக்கு

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்தது. 1944இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. 1947இல் அங்கே வீடுகள் முதலில் வாடகைக்குத்தான் விடப்பட்டன. 1949இல் விற்பனைக்கு வந்தபோது ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். (கறுப்பின மக்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.)

1940இல் அமெரிக்கக் குடும்பங்களில் 43.6 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன. 1950இல் இது 55 சதவீதம், 1960இல் 61.9 சதவீதம். இருபதே ஆண்டுகளில் லட்சக்கணக்கான குடும்பங்கள் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போயின. சொந்த வீடு எந்தத் தேதியில் அமையும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. விற்பவர் சம்மதிக்க வேண்டும், வங்கி சம்மதிக்க வேண்டும், பத்திரப் பதிவு நடக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியோ கல்லில் எழுதியது போல நிற்கும்.

சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. குடியிருப்பவர் இடையில் காலி செய்தால் வீட்டு உரிமையாளருக்கு மூன்று வழிகள் இருந்தன:

1. வீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்துவிடலாம்.

2. பழையவரின் கணக்கில் வேறு ஆளைக் குடிவைத்து, குறைகிற தொகையை அவரிடம் வாங்கலாம்.

3. ஒன்றும் செய்யாமல் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாத வாடகையையும் வழக்குப் போட்டு வசூலிக்கலாம்.

மூன்றாவது வழிதான் வயிற்றில் அடிப்பது. வாசலில் வேறு ஆள் வாடகைக்குக் கேட்டு நின்றாலும் உரிமையாளர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நிலம் அவருடையது அல்லவே, அந்தக் காலம் முடியும்வரை குடியிருப்பவருடையதாயிற்றே!

6-எல் அபார்ட்மெண்ட்

பழைய கோட்டையில் முதல் பெரிய விரிசல் 1970இல் விழுந்தது. வாஷிங்டன் நகரின் கிளிஃப்டன் டெரஸ் குடியிருப்பில் சுமார் 1,500 விதிமீறல்கள் இருப்பதாகச் சொல்லிச் சிலர் வாடகை தர மறுத்திருந்தார்கள். 'ஜாவின்ஸ்' வழக்கு என்று பெயர்பெற்ற அதில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் வித்தியாசமாக யோசித்தார். நகரத்தில் வீடு தேடுபவர் உழுவதற்கு நிலம் கேட்கவில்லை. சுவர், வெளிச்சம், தண்ணீர், சூடு, பூட்டக்கூடிய கதவு இவற்றைக் கேட்கிறார். ஆகவே வாடகை ஏற்பாட்டையும் மற்ற ஒப்பந்தங்களைப் போலவே பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு.

அடுத்தது நியூஜெர்சியின் 'சோமர் எதிர் கிரிடெல்' வழக்கு. கிரிடெல் திருமணம் நிச்சயமான ஒரு மாணவர். 1972 மே 1 முதல் இரண்டு ஆண்டுக்கு, ஹேக்கன்சாக் நகரில் 6-எல் என்ற அபார்ட்மெண்டை மாதம் 345 டாலருக்குப் பேசி, 690 டாலரும் கட்டிவிட்டார். குடிபுகும் முன்பே திருமணம் நின்றுபோனது. மே 19ஆம் தேதி உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார். நிலைமையை விளக்கி, கட்டிய பணத்தை வைத்துக்கொண்டு தன்னை விட்டுவிடும்படி கேட்டார்.

பதிலே வரவில்லை. அதற்கிடையில் வேறொருவர் அதே 6-எல் வீட்டைக் கேட்டு வந்தார். வாடகை தரவும் தயாராக இருந்தார். "அது ஏற்கெனவே கிரிடெலுக்கு விடப்பட்டுவிட்டது" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! அந்த அக்டோபரில் கிரிடெல் மீது 7,590 டாலர் கேட்டு வழக்கு. வீட்டில் வேறு ஆள் குடிவந்தது 1973 செப்டம்பரில்தான்.

கீழ் நீதிமன்றம் கிரிடெல் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கம். 1977இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் கிரிடெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குடியிருப்பவர் விட்டுப்போனால் வேறு ஆளைத் தேட உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். எடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. காலியான அந்த வீட்டை, வாடகைக்கு விட வைத்திருக்கும் மற்ற வீடுகளோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

இதன் பலன் என்ன? தொடக்கத்தில் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி 9,000 டாலர் போயிருக்கும். ஆறு வாரத்தில் அதே வாடகைக்குப் புது ஆள் வந்துவிட்டால், புதிய விதிப்படி 2,250 டாலரும் விளம்பரம் போன்ற செலவுகளும்தான் பாக்கி.

எல்லாரும் உடனே மாறவில்லை

டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1997இல் புதிய வழியை ஏற்றது. பென்சில்வேனியா 1998இல் ஒரு கடை வாடகை வழக்கில் பழைய வழியையே பிடித்துக்கொண்டது. வாடகைதாரர்கள் நிறைந்த நியூயார்க்கிலேயே 1995இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், வணிகக் கட்டடம் பற்றிய வழக்கில், வேறு ஆளைத் தேடும் கடமை உரிமையாளருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அங்கே குடியிருப்பு வீடுகளுக்கு அந்தக் கடமை தெளிவாகச் சட்டமானது 2019இல்தான். கிரிடெலுக்கு நீதி கிடைத்து 42 ஆண்டுகள் கழித்து, பக்கத்து மாநிலத்தில்!

வீடு வாங்குவது ஒரு காரணமா?

அபராதமே இல்லாமல் ஒப்பந்தத்தை முடிக்கச் சில காரணங்களை அமெரிக்கச் சட்டங்கள் ஏற்கின்றன. 2003ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, இடமாற்ற உத்தரவோ 90 நாளுக்குக் குறையாத போர்ப்பணி உத்தரவோ வந்த படைவீரர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும் மூத்தவர்களுக்கும் பல மாநிலங்களில் விலக்கு உண்டு. இவை எல்லாமே ஒருவர் தானாகத் தேர்ந்தெடுக்காத நெருக்கடிகள். சொந்த வீடு வாங்குவது மகிழ்ச்சியான, தானே எடுத்த முடிவு. அதனால் அது பொதுவாக இந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே வீடு வாங்கியவர் நம்பக்கூடியவை மூன்று. உரிமையாளரின் ஆள் தேடும் கடமை ஒன்று. இத்தனை மாத வாடகையைக் கட்டிவிட்டு விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் பிரிவு இன்னொன்று. 1647இல் ஜேனுக்கு நீதிமன்றம் சொன்ன அதே புத்திமதிதான் இது! மூன்றாவது, இருவரும் பேசி முடிப்பது. பேசி முடித்தாலும் எழுத்தில் வாங்க வேண்டும். குத்தகையைத் திருப்பி ஒப்படைப்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்து 1677இலேயே சட்டம் போட்டது. வாய்ப்பேச்சை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள் போலும்.

நம் ஊரில்

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தைத் தழுவியது. ஆனாலும் ஒரு முக்கியமான இடத்தில் விலகியது. தீ, புயல், வெள்ளம், படையின் வன்முறை போன்றவற்றால் இடம் நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், குத்தகைதாரர் விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 108ஆம் பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது 106ஆம் பிரிவு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்க்கத்தான் 11 மாத ஒப்பந்தம் நம்மிடம் பழக்கமானது. அதில் ஒன்றிரண்டு மாத நோட்டீஸ் என்றும் எழுதிக்கொள்வதால், வீடு வாங்கியவருக்கு இங்கே பெரும்பாலும் அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதுதான் தலைவலி!

குத்தகைக் காலம் முழுவதும் இடம் உன்னுடையது என்ற ஒரே கொள்கைதான் குடியிருப்பவரை விரட்டாமல் காத்தது. அதுவே அவரைப் போகவிடாமல் கட்டியும் போட்டது. காவலை அப்படியே வைத்துக்கொண்டு கட்டை மட்டும் தளர்த்த நீதிமன்றங்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அடுத்த முறை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் 'இடையில் காலி செய்தால்' என்ற பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த நான்கு வரிகளுக்காக நிறையப் பேர் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.