நியூகாசில் நகரின் வட்டாரச் சொற்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் நியூகாசில். இந்நகரத்தாரின் பேச்சு வழக்கு 'ஜோர்டி' எனப்படுகிறது. அதைப் பேசும் மக்களுக்கும் அதுவே பெயர். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் படிக்க வருவோரும் மருத்துவமனைகளில் பணியேற்க வருவோரும் ஆங்கிலத் தேர்வுகளில் தேறித்தான் வருகின்றனர். ஆயினும் பேருந்திலும் கடையிலும் முதல் சில வாரங்கள் திகைத்துப் போகின்றனர். காதில் விழுவது படிப்பறிவில்லாதோரின் கொச்சை ஆங்கிலம் என்று எண்ணிவிடுவோரும் உண்டு. உண்மையில் அச்சொற்களுள் பல, பாடநூல் ஆங்கிலம் உருவாவதற்கு முன்பே அம்மண்ணில் வழங்கியவை.

குழந்தையைக் குறிக்கும் 'பேர்ன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். ரோமானியர் ஆட்சி முடிந்தபின் கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிள் இனத்தாரின் மொழியிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்தின் மிகப் பழைய பாடல்களுள் ஒன்றான கேட்மன் பாடலின் 8ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியிலேயே இதன் பழைய வடிவம் காணப்படுகிறது. 'போ' என்னும் பொருளில் வழங்கும் 'கான்' என்பதும் இத்தகையதே. பிற்காலத்தில் லண்டனை ஒட்டிய பேச்சு எழுத்து மொழிக்கு அடிப்படையானது. அதில் இடம்பெறாத சொற்கள் 'வட்டாரச் சொற்கள்' ஆகிவிட்டன. சொல் மாறவில்லை, அதன் மதிப்புதான் மாறியது.

இவையெல்லாம் வைக்கிங்குகள் விட்டுச் சென்றவை என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வதுண்டு. டேனிய மொழியிலும் குழந்தைக்கு ஏறத்தாழ இதே சொல் இருப்பது அவர்களுக்குச் சான்றாகத் தோன்றுகிறது. ஆனால் ஆங்கிலமும் டேனியமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதால் அவ்வொற்றுமை இயல்பானது. 793இல் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தை வைக்கிங்குகள் தாக்கியது உண்மைதான். எனினும் அவர்கள் பெருமளவில் நிலைத்துக் குடியேறியது தெற்கே யார்க்ஷயர் பகுதியில்.

புதியவர்களைக் குழப்புபவை அறியாத சொற்களைவிட அறிந்த சொற்களே. பொது ஆங்கிலத்தில் 'கேனி' என்றால் சூதானமானவர், காரியக்காரர் என்று பொருள். நியூகாசிலில் அது நல்லவர், இனியவர் என்ற பாராட்டு. கடைக்காரப் பெண்மணி முன்பின் தெரியாதவரையும் 'பெட்' என்று அழைப்பார். செல்லப் பிராணியைக் குறிக்கும் சொல்லாயிற்றே என்று வருந்த வேண்டியதில்லை, நம் ஊரில் 'கண்ணு' என்பதைப் போன்றது அது. தேன் என்னும் சொல்லின் திரிபான 'ஹின்னி'யும் அவ்வாறே. சூடான இரும்புக்கல்லில் இடும்போது சீறி ஒலிக்கும் ஒருவகைப் பணியாரத்துக்குப் 'பாடும் ஹின்னி' என்றே பெயர். 'நம்முடைய' என்பதற்கு இவர்கள் வழங்கும் சொல் 'வோர்'. ஒருவர் தம் மனைவியைப் பற்றிப் பேசும்போதும் பன்மையில் 'வோர் லாஸ்' என்பார். உடன்பிறந்தார் இல்லாதபோதும் 'எங்க அம்மா' என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இது விளங்குவதில் சிரமம் இராது. ஆஷிங்டன் என்ற சுரங்க ஊரில் பிறந்த கால்பந்து வீரர் ஜாக்கி மில்பர்னை நகரமே 'வோர் ஜாக்கி' என்று உரிமை கொண்டாடியது.

ஆண் ஒருவரைக் குறிக்கும் 'காஜி' என்ற சொல் ரோமானி நாடோடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. அம்மொழி இந்தியாவில் தோன்றியது. இந்தி மொழிக்கு உறவுடையது.

இவ்வழக்கின் மற்றோர் ஊற்று நிலக்கரி. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று தமிழில் சொல்வதை ஆங்கிலேயர் 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பர். சுற்றியுள்ள சுரங்க ஊர்களில் வளர்ந்த பேச்சுக்குப் 'பிட்மேட்டிக்' என்று தனிப் பெயரே உண்டு. சுரங்கத்தில் எல்லா இடமும் ஒன்றுபோல் இராது. கரி எளிதில் பெயரும் இடமும் உண்டு. நீர் ஊறும் இடமும், கூரை தாழ்ந்த இடமும் உண்டு. எனவே யாருக்கு எந்த இடம் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தனர். அக்குலுக்கலுக்குக் 'காவில்' என்று பெயர். ஒரே இடத்தில் முறை மாற்றி வேலை செய்து கூலியைப் பகிர்ந்துகொண்டவர்கள் 'மாரா' எனப்பட்டனர். நண்பன் என்று மட்டும் இதை மொழிபெயர்ப்பது போதாது. முன்முறையில் வேலை செய்த மாரா கூரைக்குச் சரியாக முட்டுக் கொடுக்காமல் போயிருந்தால், பின்முறையில் இறங்குபவர் உயிருக்கே ஆபத்து.

பள்ளிகள் இச்சொற்களை நெடுங்காலம் பிழையென்று திருத்தி வந்தன. வகுப்பில் பொது ஆங்கிலம் கற்பிக்க வேண்டியதுதான். அதற்காக வீட்டுப் பேச்சை இழிவென்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. மாறாக, அதைப் பதிவு செய்ய முனைந்தவர்களும் இருந்தனர். டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்த ஹெரால்டு ஆர்ட்டன் முன்னின்று நடத்திய ஆங்கில வட்டார வழக்கு ஆய்வு, 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் சொற்களைத் திரட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை கிராமங்கள். நகரப் பேச்சும் ஆய்வுக்குரியதே என்று கொண்டு, நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பார்பரா ஸ்ட்ராங் 1960களில் டைன்கரை ஆய்வைத் தொடங்கினார்.

வடகிழக்கின் கடைசி ஆழ்சுரங்கமான எல்லிங்டன் 2005இல் மூடப்பட்டது. பிட்மேட்டிக் சொற்களைத் தொகுத்து பில் கிரிஃபித்ஸ் எழுதிய நூல் 2007இல் வெளிவந்தது. 'காவில்' இன்று அத்தகைய நூல்களில்தான் கிடைக்கும். ஆனால் சுரங்கத் தொழிலாளி தகரப் பெட்டியில் கொண்டுசென்ற உணவைக் குறித்த 'பெய்ட்' என்ற சொல் மேலே ஏறி வந்துவிட்டது. கட்டுமான இடங்களிலும் அலுவலகங்களிலும், நிலக்கரியைக் கண்ணால் கண்டிராதவர்களும் மதியச் சாப்பாட்டை இன்றும் 'பெய்ட்' என்றே சொல்கின்றனர்.