ஆசிரியர் கல்விக்கான அரசு உதவியும் கடனும்: எலவனாசூர்கோட்டை வட்டாரம்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி பெறுபவருக்கு அரசு தரும் பணம் சாதி, வருமானம், பாலினம் ஆகியவற்றைப் பார்த்து மாணவர் என்ற முறையில் வருகிறது. பணியில் சேர்ந்தபின் அது அரசு ஊழியர் என்ற முறையில் வருகிறது. ஆசிரியர் என்பதற்காகவே கல்விக்கடனைக் குறைக்கும் திட்டம் மாநிலத்தில் இல்லை. பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவருக்கு இரண்டு வகையும் எட்டாது.

எலவனாசூர்கோட்டை, கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில், உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த இம்மாவட்டத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரி கிடையாது. சென்னையில் இரண்டு, வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோயம்புத்தூர் என மாநிலத்தின் அரசு பி.எட். கல்லூரிகள் அனைத்தும் தொலைவில் இருக்கின்றன. இடம் கிடைக்காதவர்களும் வீட்டைவிட்டு வெளியூரில் தங்க முடியாத பெண்களும் பக்கத்துத் தனியார் கல்லூரியில் சேருகிறார்கள். ஓராண்டுப் படிப்பாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டாண்டு ஆனதால், செலவும் அதற்கேற்ப ஏறியது.

பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை என்பது புதிய எண்ணம் அல்ல. 1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கையே அதைப் பரிந்துரைத்தது. சென்னை அரசு 1856இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிதான் இன்று சென்னை சைதாப்பேட்டையில் உள்ள அரசுக் கல்வியியல் கல்லூரி. இப்போது இந்த உதவியின் முதுகெலும்பு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது.

இதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் இந்த உதவியெல்லாம் சாதிச் சான்றிதழில் தொடங்குகிறது. ஜாகீர்தார்களின் கையில் இருந்து 1976இல்தான் அரசிடம் வந்த மலை இது. மலையாளி பழங்குடியினருக்கான பட்டியல் பழைய தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களின் பெயரால் எழுதப்பட்டிருப்பதால், இந்த மலைக்காரர்களுக்கு அந்தஸ்து உறுதி. ஆனால் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பம் அதற்காக மலையிறங்க வேண்டும். சேர்க்கை முடிவதற்குள் சான்றிதழ் கைக்கு வரவில்லையென்றால் முதல் தவணையைக் கையிலிருந்து கட்ட நேரிடும். உதவித்தொகை பின்னால் வந்தாலும், அந்தப் பணம் அதற்குள் வட்டிக்கு வாங்கப்பட்டிருக்கும்.

வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்பு உண்டு; அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிக் கட்டலாம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விடுப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும். 2018க்குப் பிறகு இதற்குக் கல்லூரியின் நாக் தரச்சான்றோ படிப்பின் தர அங்கீகாரமோ தேவை. அது இல்லாத சிறிய கல்லூரிகளில் படிப்பவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

தவணை தொடங்கும் காலத்தில்தான் சிக்கல் இருக்கிறது. வங்கி தருவது ஓராண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வோ 2013க்குப் பின் 2017, 2019, 2022, 2025 என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, சில சமயம் நான்காண்டுகளுக்கு ஒருமுறை வந்தது. 2018இல் வெளியான அரசாணை 149, தகுதித் தேர்வில் தேறியவர் நியமனத்திற்குத் தனியே போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. இதற்கிடையே பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 2022இல் நியமிக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர்களுக்கு முதலில் நிலைக்கேற்ப மாதம் 7,500, 10,000, 12,000 எனத் தொகுப்பூதியம் அறிவிக்கப்பட்டது. 2012இல் 5,000 ரூபாய்க்குச் சேர்க்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகள் மே மாதச் சம்பளம் தரப்படவில்லை. கடன் தவணைக்கு அப்படி விடுமுறை கிடையாது.

கற்பிப்பதற்காகவே கடனைக் குறைக்கும் வழி வேறு நாட்டில் உண்டு. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம், ஆசிரியராகப் பணிபுரியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்து விழுக்காடு, அதிகபட்சம் பாதி வரை தள்ளுபடி செய்தது. இன்றும் ஏழைப் பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்தாண்டு கற்பிக்கும் கணித, அறிவியல் ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை குறைகிறது. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு இப்படி ஒன்று பொருந்தும். மலைக்கு மாறுதல் என்றாலே தண்டனையாகப் பார்க்கும் மனநிலையை உத்தரவால் மட்டும் மாற்ற முடியாது.

இங்கே தள்ளுபடிக்கு நெருங்கியது நகைக்கடன்தான். வங்கி இழுத்தடித்தால் தாயின் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். 2021 நவம்பரில் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களை நிபந்தனைகளுடன் தள்ளுபடி செய்ய அரசு ஆணையிட்டது. அது விவசாயக் கடனா கல்விக் கடனா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நிரந்தரப் பணி கிடைத்தவரின் கதை வேறு. ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டு கடன் தருகிறது. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வந்ததால், பழைய ஆசிரியர்கள் பிள்ளைகளின் படிப்புக்கு வருங்கால வைப்பு நிதியில் எடுத்த முன்பணம் இவர்களுக்கு இல்லை. கூடுதல் பட்டத்துக்கான ஊக்க ஊதிய உயர்வும் 2020 மார்ச்சில் நின்று, பின்னர் ஒருமுறை வழங்கும் தொகையாக மாறியது. 2023 மார்ச்சில் ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விச் செலவாக 50,000 ரூபாய் வரை வழங்கப்படும் என அரசு அறிவித்தது. 2025 ஏப்ரலில் பண்டிகை முன்பணம் 10,000 ரூபாயிலிருந்து 20,000 ஆனது; பிள்ளைகளின் தொழிற்கல்விக்கான முன்பணம் ஒரு லட்சமாக உயர்ந்தது.