பொத்தான் யாருடையது? ஓட்டுப்பட்டை முதல் வாட்ஸ்அப் வரை

நம் சங்கத் தளத்தில் கட்டுரைகளின் அடியில் லைக் எண்ணிக்கை ஏன் இல்லை, மற்ற தளங்களில் ஆறேழு வண்ணப் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றனவே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொத்தான்களுக்கு இருபது வருடக் கதை இருக்கிறது. அதில் தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயமும் உண்டு. அதைச் சொன்னால்தான் நம் முடிவின் காரணம் புரியும்.

நமக்கு இது பொழுதுபோக்கு விஷயம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் எந்தப் படகு வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று தெரிய வேண்டும். புயல் எச்சரிக்கை வருகிறது. லைட்ஹவுஸ் குப்பத்திலும் கூனங்குப்பத்திலும் ஜமீலாபாத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது ஒரு நாள் பாட்டை முடிவு செய்கிறது, சில நாள் அதைவிடப் பெரியதையும்.

2004ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். அப்போது தமிழில் வலைப்பூ எழுதுவோர் பெருகி வந்தார்கள். ஆனால் யார் இன்று என்ன எழுதினார் என்று ஒவ்வொரு முகவரியாகப் போய்ப் பார்க்க முடியாது. பதிவு செய்துகொண்ட வலைப்பூக்களின் புதிய பதிவுகளை எல்லாம் இழுத்து வந்து ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டியது தமிழ்மணம். இதற்கு ஒவ்வொரு வலைப்பூவிலும் ஒரு சிறிய கருவிப்பட்டையை ஒட்ட வேண்டும். பதிவை அனுப்ப ஒரு பொத்தான், பிடித்தால் மேல்நோக்கிய கட்டைவிரல், பிடிக்காவிட்டால் கீழ்நோக்கிய கட்டைவிரல். எல்லோரும் அதை ஓட்டுப்பட்டை என்றே அழைத்தார்கள். பின்னர் தமிழிஷ் வந்தது, அது இன்ட்லி ஆனது. இன்னும் சில திரட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை.

ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை மற்றவர்களின் தளங்களில் ஒட்டக் கொடுத்தது 2010 ஏப்ரலில்தான். அதற்கு முன்பே தமிழ் வலைப்பூக்களின் அடியில் ஓட்டு விழுந்துகொண்டிருந்தது. இதை நம் ஆட்கள் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் பட்டையை ஒட்டுவது லேசான வேலை இல்லை. பெரும்பாலானோர் பிளாக்கரில் எழுதினார்கள். டெம்ப்ளேட்டைத் திறக்க வேண்டும். முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போனால் திரும்ப வழியில்லை. விட்ஜெட் டெம்ப்ளேட்களை விரிக்கும் கட்டத்தில் டிக் போட்டு, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, பதிவின் உடல் வரும் வரியைத் தேடி, அதற்கு மேலேயோ கீழேயோ கொடுத்த நிரலை ஒட்டிச் சேமிக்க வேண்டும். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள், வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் என்று கணினிப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கானோர் இதைச் செய்தார்கள். செய்யத் தெரிந்தவர்கள் படம் பிடித்து, அம்புக்குறி போட்டு, தமிழிலேயே விளக்கிப் பதிவு எழுதினார்கள். "எனக்கு பட்டை தெரியவில்லை நண்பரே" என்று ஒருவர் கேட்டால், ராத்திரி பதினோரு மணிக்கும் பதில் வந்தது. காசு வாங்காத பழுதுபார்ப்பு அது.

ஓட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பரிந்துரைப் பகுதியில் இடம் கொஞ்சம், எழுதுபவர்கள் நிறைய. நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். பிடிக்காதவருக்கு மைனஸ் ஓட்டு. அதன்மீது சண்டை, சண்டையைப் பற்றித் தனிப் பதிவு, அந்தப் பதிவுக்கும் ஓட்டு! இடம் கொஞ்சம், ஆட்கள் நிறைய என்ற இதே கணக்குக்கு நம் ஏரியில் பாடு முறை இருக்கிறது. வலை போட நல்ல இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று முறை வைத்துச் சுற்றி வருகிறது. கூட்டாளி அதிகம் உள்ளவனுக்கே எப்போதும் நல்ல பாடு என்றால் ஏரியில் வெட்டு குத்துதான் நடந்திருக்கும். திரட்டிக்காரர்கள் ஒருமுறை பழவேற்காட்டுப் பக்கம் வந்து பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

2012 தொடக்கத்தில் ஒரு நாள் பட்டைகள் வேலை செய்யவில்லை. திரட்டிகளில் பழுது எதுவும் இல்லை. காரணம் கூகுள் செய்த ஒரு மாற்றம். ஒரு நாட்டில் மட்டும் ஒரு பதிவை நீக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்த நாட்டில் மட்டும் நீக்க வசதியாக, பிளாக்ஸ்பாட் முகவரிகளை நாடுவாரியாகப் பிரித்தார்கள். இந்தியாவில் இருந்து திறந்தால் டாட் காம் என்று முடிந்த முகவரி தானாகவே டாட் இன் என்று மாறியது. படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஓட்டுப்பட்டைக்கோ அது அறியாத முகவரி. பதிவு செய்திருந்தது டாட் காம் வலைப்பூ, வந்து நிற்பதோ டாட் இன். ஆகவே ஓட்டை வாங்க மறுத்தது. லைக் எண்ணிக்கையும் இதேபோல் அடிபட்டது. எண்ணும் கருவி ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாகத்தான் எண்ணும். இந்தியாவில் ஒரு கணக்கு, சிங்கப்பூரில் ஒரு கணக்கு என்று ஒரே பதிவின் எண்ணிக்கை சிதறியது.

வழி கண்டுபிடித்ததும் அதே சம்பளமில்லாத ஆட்கள்தான். டாட் காமுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு என்சிஆர் என்ற மூன்று எழுத்தைச் சேர்த்தால் நாட்டு முகவரிக்குத் திருப்பாது என்று தெரிந்தது. டாட் இன் முகவரியில் யாராவது வந்தால் அவர்களை அந்த வழியாக டாட் காமுக்கே அனுப்பும் சிறிய நிரலை டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் சேர்த்தார்கள். லைக் பொத்தானுக்கு வேறு மருந்து. நிரலில் போஸ்ட் யூஆர்எல் என்று இருக்கும் இடத்தில் கேனானிக்கல் யூஆர்எல் என்று மாற்றினால் எந்த நாட்டில் திறந்தாலும் மூல முகவரியையே எண்ணும்.

கதை அதோடு முடியவில்லை. 2018ல் கூகுள் நாட்டுவாரி முகவரியைக் கைவிட்டு எல்லோரையும் டாட் காமுக்கே திருப்பியது. பழைய டாட் இன் இணைப்பைத் தொட்டாலும் டாட் காமுக்குப் போய்ச் சேர்ந்தது. 2020ல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியின் பதிவே கூகுள் கையை விட்டுப் போய் வேறொருவரிடம் சேர்ந்தது. 2012க்கும் 2018க்கும் நடுவே நாம் நல்லெண்ணத்தோடு பகிர்ந்த, குறித்து வைத்த டாட் இன் இணைப்புகள் எல்லாம் அன்று அறுந்தன. பதிவுகள் அழியவில்லை. அவற்றுக்குப் போகும் வழிதான் போயிற்று. தமிழ்மணமும் இன்ட்லியும் அடங்கிவிட்டன. அவற்றின் ஓட்டு எண்ணிக்கை எதுவும் இன்று எங்கும் இல்லை.

பெரிய நிறுவனங்களின் பொத்தான்கள் மட்டும் நிலைத்தனவா? ஆர்குட் 2014ல் மூடியது. ட்விட்டர் தன் பொத்தானில் இருந்த எண்ணிக்கையை 2015 நவம்பரில் எடுத்துவிட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. எல்லாப் பொத்தானையும் ஒரே பட்டையில் தந்த ஆட்திஸ் சேவையை ஆரக்கிள் விலைக்கு வாங்கி 2023 மே 31 அன்று நிறுத்தியது. தளங்களில் ஒட்டும் லைக் பொத்தானையும் கருத்துப் பெட்டியையும் 2026 பிப்ரவரி 10 முதல் நிறுத்துவதாக 2025 நவம்பரில் மெட்டா அறிவித்தது. பொத்தான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் புள்ளி இருக்கும், பக்கம் உடையாது என்று விளக்கமும் கொடுத்தார்கள். நல்ல மனசு.

இருக்கும்போதும் அவை சும்மா இருப்பதில்லை. லைக் பொத்தான் உள்ள பக்கத்தைத் திறந்தாலே போதும், பொத்தானைத் தொடாவிட்டாலும் நீங்கள் அங்கே வந்த தகவல் அந்த நிறுவனத்துக்குப் போகும். இதற்குத் தளம் நடத்துபவரும் பொறுப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் மார்ச்சில், 70,000க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களில் இருந்த சோஷியல் வார்ஃபேர் என்ற பகிர்வுச் செருகுநிரலின் ஓட்டை வழியாக ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். பகிர வைத்த பொத்தானே கள்ளச்சாவி ஆனது.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு தனித் தொல்லை உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்து உள்ளபடி பயணம் செய்யாது. ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளங்களோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். பழவேற்காடு என்ற ஆறு எழுத்து உள்ளே பத்துக் குறிகள். முகவரியில் அது 90 இடத்தைப் பிடிக்கும். வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிக்குத் தருவது 200 இடம். பழவேற்காடு முகத்துவாரம் என்று இரண்டு சொல் எழுதினால், நடுவில் வரும் கோட்டையும் சேர்த்து 199 ஆகிவிடும். மூன்றாவது சொல்லுக்கு இடமே இல்லை. முகத்துவாரத்தைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதினால் அதுவும் அதே முகவரியோடு, கடைசியில் 2 என்ற வாலுடன் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதித் திரைக்குச் சதவீதக் குறிகள். பிளாக்கரில் வேறு கூத்து. தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் வெறும் பிளாக் போஸ்ட் என்றும் ஒரு எண்ணும்தான் வரும். அதனால் முதலில் ஆங்கில எழுத்தில் தலைப்பு வைத்து வெளியிட்டு, முகவரி உறுதியானதும் தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவது அந்தக் காலத்து உத்தி. நம் தளத்தில் கட்டுரைத் தலைப்பு தமிழிலும் முகவரி ஆங்கில எழுத்தில் சுருக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான், ஆங்கில மோகம் இல்லை.

பகிரும்போது வரும் சிறு படமும் தலைப்பும் தனி விவகாரம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22க்கு வைத்துத் தள்ளிப்போனது நினைவிருக்கும். 2023 செப்டம்பர் 5க்கு வைத்ததும் தள்ளிப்போனது. இப்படி ஒரு செய்தியைத் தளத்தில் போட்டு, பலர் பகிர்ந்தபின் தலைப்பில் "ஒத்திவைப்பு" என்று திருத்தினால், ஃபேஸ்புக்கில் பழைய தலைப்பே நிற்கும். அது ஒருமுறை எடுத்து வைத்த தலைப்பையும் படத்தையும் பல நாள் வைத்துக்கொண்டே காட்டும். அவர்களுடைய ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் அதுவும் முடியாது. அனுப்பிய நொடியில் அனுப்பியவர் கைபேசி எடுத்த படமும் தலைப்பும் அப்படியே நிற்கும். கூட்டம் இல்லை என்று தெரியாமல் ஒருவர் அன்றைய பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறினால் அந்த நஷ்டத்தை யார் கொடுப்பார்? ஆகவே நம் தளத்தில் அறிவிப்பு எதுவானாலும் தலைப்பிலேயே வெளியிட்ட தேதி இருக்கும். மாற்றம் வந்தால் புதிய பக்கம் போட்டு, பழைய பக்கத்தின் மேலே சிவப்பில் அதற்கு இணைப்புக் கொடுக்கிறோம்.

பொத்தான் இல்லாமல் செய்தி எப்படிப் பரவும் என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரிப் பக்கத்துக் கதை ஒன்று. 1998 முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமத் தகவல் மையங்களை நடத்தியது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவர்களுக்குக் கணினியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். கரையில் வலை பின்னிக்கொண்டே கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அந்த ஒலிபெருக்கி அந்த ஊரின் கையில் இருந்தது. அதை நிறுத்துவதாக வெளியூரிலிருந்து யாரும் அறிவிக்க முடியாது.

அதனால்தான் நம் தளத்தில் பக்கத்தின் அடியில் வாட்ஸ்அப்புக்கு ஒரு சாதாரண இணைப்பு, முகவரியைப் பிரதி எடுக்க ஒரு வரி, இரண்டு மட்டும் வைத்திருக்கிறோம். இரண்டிலும் வெளியார் நிரல் எதுவும் ஓடாது. நாளைக்கு வாட்ஸ்அப்புக்குப் பதில் வேறொன்று வந்தால் ஒரு வரியை மாற்றினால் போதும். எண்ணிக்கை காட்டாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் படகுத்துறையில் நின்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள். நம் ஏரியைப் பற்றி, குப்பங்களைப் பற்றி, டச்சுக் கல்லறைகளைப் பற்றி 2012க்கும் 2018க்கும் இடையில் வந்த பழைய பதிவுகளின் இணைப்பு உங்களிடம் இருக்கலாம். அதில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்று இருந்தால் அப்படியே திறக்காதீர்கள், அந்த முகவரி இப்போது வேறு கையில் இருக்கிறது. இன் என்பதை அழித்து காம் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எழுதியவர் நீக்காமல் இருந்தால் பதிவு அங்கேயே கிடைக்கும். திறந்தவற்றின் முகவரியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், எழுதியவரிடம் அனுமதி கேட்டு, அடுத்த காலாண்டு இதழுக்குள் நம் தளத்தில் ஒரு பட்டியலாகப் போடுகிறோம்.