தென்பெண்ணை மணலில் ரோமச் செப்புக்காசு

தை மாதம் ஐந்தாம் நாள் அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு, வழியிலுள்ள ஊர்களின் மரியாதைகளை ஏற்றுக்கொண்டு, தெற்கே மணலூர்பேட்டையில் தென்பெண்ணைக் கரையை அடைந்து தீர்த்தவாரி கண்டருளும் ஆற்றுத் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்கள், நீராடி எழும் பெரியவர்கள் முந்தானை முடிச்சிலிருந்தோ இடுப்புச் சுருக்குப் பையிலிருந்தோ ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆற்றில் விடுவதையும் பார்த்திருப்பார்கள். ஆற்றுக்குக் கொடுத்ததை யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஆயினும் அதே ஆறு, அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் ஓடி சங்ககாலக் குறுநில மன்னர்களாகிய மலையமான்களின் பழம்பதியாகிய திருக்கோவலூரைத் தொடும் இடத்தில், ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தியோக்கியாவிலும் அலெக்சாந்திரியாவிலும் கான்ஸ்தாந்திநோபிளிலும் அச்சடிக்கப்பட்ட ரோமானியச் செப்புக்காசுகளைத் தன் மணலிலிருந்து நமக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்ற செய்தி, அண்ணாமலையின் நிழலில் வாழ்கிற நம்மில் பலருக்குத் தெரியாமலே இருந்துவருகிறது.

ரோமானியக் காசு என்றதும் நம் மனத்தில் எழுவது பொன்னும் வெள்ளியுமே. அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் வெள்ளலூர் போன்ற ஊர்களில் குடம் குடமாகக் கிடைத்ததையும், 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டதையும், அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்ததையும் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. ரோமாபுரியின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வடிந்துபோகிறதென்று ரோமானிய ஆசிரியர் பிளினி வருந்தி எழுதியதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் முதலிரண்டு நூற்றாண்டுகளோடு அந்த வியாபார விருத்தாந்தம் முடிந்துபோயிற்று என்று எண்ணும்படியாகவே பாடநூல்கள் எழுதப்பட்டுவந்தன. அந்த எண்ணத்தை மறுக்கும் சாட்சியம் சட்டைப் பொத்தான் அளவேயுள்ள, ஒரு கிராம் முதல் இரண்டு கிராம் வரையே எடையுள்ள, பச்சைக் களிம்பேறிய செப்புத் துண்டுகளின் வடிவில் ஆற்று மணலில் கிடந்தது.

அந்தச் சாட்சியத்தைப் பொறுக்கியெடுத்தவர்களின் கதையும் சொல்லத் தக்கதே. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ட்டர் எலியட் தமது தென்னிந்தியக் காசு நூலை, கண்பார்வை மங்கிப்போன முதுமையில், தொட்டும் நினைவைக் கொண்டுமே உருவாக்கினார். அந்நூல் வெளிவந்து சில காலத்திற்குள் மறைந்தும் போனார். அவருக்குப் பின் டஃப்நெல் என்ற இராணுவ அதிகாரி தென்னாட்டில் பழங்காசு சேகரிப்போருக்கென்றே ஒரு கையேடு எழுதினார். 1904-ஆம் ஆண்டில் இராபர்ட் சிவெல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளையெல்லாம் ஒருங்கே பட்டியலிட்டபோது, மதுரை வைகை மணலில் கிடைக்கும் சிறு செப்புக்காசுகளைக் கண்டு வியந்து, பெருவணிகத்திற்குப் பயன்படாத இந்தச் சில்லறை அங்கே கிடப்பதானால் ரோமானிய நாட்டவர் மதுரையிலேயே குடியிருந்திருக்க வேண்டும் என்று அபிப்பிராயப்பட்டார். அந்த முடிபு இன்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. சில்லறைக் காசு அதை அடித்தவன் கையிலேதான் புழங்கும் என்பதற்கு நியதி ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் எழுப்பிய பெருமை சிவெலுக்கு உண்டு.

அதன்பின் நெடுங்காலம் இக்காசுகள் செப்பு விலைக்கே போயின. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலைச் சல்லடையிட்டு அரித்துப் பொன்துகளும் பழங்காசும் தேடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், கிடைத்ததைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட, அங்கிருந்து அது உருக்குக் கொப்பரைக்குச் சென்று குடமாகவும் தவலையாகவும் மாறியது. எத்தனை சக்கரவர்த்திகளின் சின்னங்கள் இவ்வாறு நம் சமையலறைக்குள் புகுந்து மறைந்தனவோ என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது. அந்த அழிவின் நடுவில், மணல் அரிப்போரிடமும் பழங்காசு வியாபாரிகளிடமும் பொறுமையோடு தொடர்பு வைத்துக்கொண்டு, எந்தக் காசு எந்த ஆற்றில் கிடைத்தது என்பதை விடாமல் கேட்டுக் குறித்துவைத்தவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள். மலையமான் காசுகளையும் பெருவழுதிக் காசுகளையும் வெளியிட்ட அவரே, 1994-ஆம் ஆண்டில் கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய மூன்று ஊர்களின் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைத் தனி நூலாக ஆராய்ந்து வெளியிட்டார். மூன்றும் ஆற்றங்கரை ஊர்கள். மூன்றும் சங்ககால மன்னர்களின் ஊர்கள். அந்த வரிசையில் நமது தென்பெண்ணைக் கரையூர் இடம்பெற்றது அவருடைய உழைப்பினால்தான்.

ஒரு காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். திருக்கோவலூர் மணல் தருகிற மலையமான் காசு பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும்; அதில் குதிரை நிற்கும். ரோமானியக் காசு வட்டமானது. ஆகவே முதற்பார்வையிலேயே இரண்டும் பிரிந்துவிடும். பூதக்கண்ணாடியின் கீழ் வட்டக்காசின் முன்புறத்தைப் பிடித்தால், முத்துக் கோத்த பட்டம் தலையில் கட்டி வலப்புறம் நோக்கும் ஒரு மார்பளவு உருவமும், அதைச் சுற்றி ஓடும் இலத்தீன் எழுத்துகளும் தெரியும். 'எம் தலைவர்' என்று பொருள்படும் இரண்டு எழுத்துச் சுருக்கத்தில் தொடங்கி, அரசன் பெயரைச் சொல்லி, 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தின் சுருக்கத்தில் அந்த வாசகம் முடியும். ஆனால் பலர் கைபட்டுத் தேய்ந்த காசில் பெரும்பாலும் பெயர்தான் முதலில் அழிந்திருக்கும். அப்போது காசைத் திருப்ப வேண்டும். பின்புறத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை ஒருத்தி, தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்துகொண்டு, சிறைப்பட்ட ஒருவனைப் பிடித்து இழுத்துச் செல்வதும், அவளுக்கு முன்னால் கிறிஸ்துவின் பெயரின் முதலிரண்டு கிரேக்க எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய குறி நிற்பதும் காணப்பட்டால், அது 'சாலுஸ் ரெய்புப்ளிகே', அதாவது நாட்டின் நலம், என்ற வாசகமுடைய வகை. 388-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி அந்நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் அடிக்கப்பட்டது. முன்புறத்தில் இரண்டாம் வாலந்தினியன் பெயர் ஓரெழுத்தாவது மிஞ்சியிருந்தால் 392-க்கு முற்பட்டதென்றும், முதலாம் தியோடோசியஸ் பெயரானால் 395-க்கு முற்பட்டதென்றும் துணியலாம். ஆர்க்கேடியஸ், ஹோனோரியஸ் ஆகிய அவருடைய புதல்வர்களின் பெயரானால் எல்லை இன்னும் சற்று நீளும். அடிக்கோட்டின் கீழேயுள்ள மூன்று நான்கு எழுத்துகளே காசை அடித்த அக்கசாலையின் முகவரி: அந்தியோக்கியாவாயின் முதல் மூன்று எழுத்து, அலெக்சாந்திரியாவாயினும் அவ்வாறே, அதையடுத்து நிற்கும் ஒற்றை எழுத்து அந்தச் சாலையில் எந்தப் பட்டறை என்பதையும் சொல்லிவிடும். எங்கோ ஒரு தொழிலாளி தன் பட்டறைக்கு அடையாளமாகப் பொறித்த அந்த ஓரெழுத்து, கடல் கடந்து வந்து, தென்பெண்ணை நீரில் கிடந்து, இன்றும் படிக்க முடிகிறது என்பதைக் கண்ணால் காண்கிற கணத்தில் ஏற்படும் சிலிர்ப்பை எழுத்தில் சொல்ல இயலாது.

இக்காலத்துச் செப்புக்காசுகளில் இன்னொரு வகை உண்டு. மூன்று சக்கரவர்த்திகள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்பவர் மட்டும் குள்ளமாக இருப்பார். அவர் குழந்தைப் பருவத்திலேயே பட்டம் சூட்டப்பட்ட இரண்டாம் தியோடோசியஸ். இருபுறமும் தந்தை ஆர்க்கேடியஸும் சிறிய தந்தை ஹோனோரியஸும். குழந்தை பட்டம் பெற்றது 402. தந்தை இறந்தது 408. ஆகவே அக்காசு இந்த ஆறாண்டுகளுக்குள் பிறந்ததென்று ஜாதகம் கணிப்பதுபோலக் கணித்துவிடலாம்.

அந்த 408-ஆம் ஆண்டு சாதாரண ஆண்டன்று. ஜெர்மானிய இனத்தவராகிய கோத்தர்களின் தலைவன் அலாரிக், அவ்வாண்டில் ரோமாபுரியை முற்றுகையிட்டு, விலகிப் போவதற்கு விலையாக 5,000 இராத்தல் பொன், 30,000 இராத்தல் வெள்ளி, 4,000 பட்டுச் சட்டைகள், 3,000 செந்நிறத் தோல்கள் ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் கேட்டுப் பெற்றான் என்று கிரேக்க ஆசிரியர் சோசிமஸ் எழுதிவைத்திருக்கிறார். வடபுலத்துக் காடுகளிலிருந்து வந்த ஒரு கூட்டத்தின் தலைவன், பொன்னோடு வைத்து எண்ணிய அந்த மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் விளைந்தது. இரண்டாண்டுகள் கழித்து, 410-இல், அவன் ரோமாபுரியைச் சூறையாடவும் செய்தான். அந்நகரம் கலங்கிக்கொண்டிருந்த அதே தலைமுறையில் அடிக்கப்பட்ட செப்புக்காசுகள்தாம் நம் ஆற்று மணலில் கிடக்கின்றன. சாம்ராஜ்யம் சாய்ந்த செய்தியையும் மிளகு கேட்ட கைகளின் செய்தியையும் ஒருங்கே தாங்கிய இச்சிறு காசைவிடச் சிறந்த சரித்திரப் பாடம் வேறு எது?

அதற்குப்பின் மேற்கில் நடந்ததையும் சற்று நினைவுகூர வேண்டும். 439-இல் வாண்டல்கள் கார்த்தேஜைக் கைப்பற்றினர். 476-இல் இத்தாலியில் மேலைச் சக்கரவர்த்தி பதவி இழந்தார். புதிதாக ஆள வந்த ஜெர்மானிய மன்னர்கள் உடனே தம் பெயரில் காசடிக்கத் துணியவில்லை. கான்ஸ்தாந்திநோபிள் சக்கரவர்த்தியின் பெயரையும் உருவத்தையுமே போட்டனர். கிழக்குக் கோத்தர்களின் மன்னன் தியோடரிக், தன் பெயரை எழுத்துப் பின்னலாகச் சுருக்கி ஒரு மூலையில் வைத்ததோடு அமைந்தான். ஆகவே மேனாட்டு நாணயவியலார் ஒரு பொற்காசைக் கையிலெடுத்து, இது சக்கரவர்த்தியின் அக்கசாலையில் பிறந்ததா, அவரைப் போலச் செய்த ஒரு ஜெர்மானிய மன்னனுடையதா என்று எழுத்தின் கோணலையும் சிறகின் கோட்டையும் வைத்து நிர்ணயிக்கப் பாடுபடுகின்றனர். இதே சிக்கல் நமக்குத் தென்கிழக்கே உள்ள இலங்கையிலும் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ள ரோமானியச் செப்புக்காசுகளோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த போலிகைகளும் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. காட்ரிங்டன் 1924-இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் இவற்றை விவரிக்கிறது. எழுத்தறியாத கம்மியன் இலத்தீன் வாசகத்தை வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வெட்டியிருப்பான். ஆனால் முகத்தையும் சிலுவையையும் விடமாட்டான். ரோமானியச் சாம்ராஜ்யத்தின் மேற்கு எல்லையில் ஒரு கோத்தனும் கிழக்குக் கடலில் ஒரு சிங்களக் கம்மியனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே அச்சைப் பார்த்து எழுதினார்கள். இவற்றைப் போலிக்காசு, கள்ளக்காசு என்று இழித்துரைப்பது தவறு. சில்லறை போதாத சந்தை, தனக்கு வேண்டிய சில்லறையைத் தானே செய்துகொண்டது. ஆறாம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய அலெக்சாந்திரியத் துறவி காஸ்மாஸ், அத்தீவின் அரசன் முன்னிலையில் பாரசீக வணிகனும் சோபாத்ரஸ் என்ற ரோமானிய வணிகனும் யாருடைய அரசன் பெரியவன் என்று வழக்காடியபோது, இருவர் காசையும் ஒப்பிட்டே அரசன் தீர்ப்புச் சொன்னதாகக் கூறும் கதையும் அக்காலத்தில் காசுக்கிருந்த கௌரவத்தைக் காட்டுகிறது.

இனி நம் பிரதேசத்துக்குத் திரும்புவோம். திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கம், மலைபடுகடாம் போற்றும் நன்னன் சேய் நன்னனின் நாடு. கொங்கு நாட்டிலிருந்து கீழைச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் வழி அதைத் தொட்டே செல்கிறது. அந்த வட்டத்து ஆண்டிப்பட்டியில், சேந்தன் என்ற தலைவனின் பெயரைத் தமிழிலேயே பொறித்த ஈயக் காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன, டாக்டர் இரா. நாகசாமி அவர்கள் அவற்றைப் படித்து வெளியிட்டார். பூலாங்குறிச்சிக் கல்வெட்டில் வரும் கோச்சேந்தன் கூற்றனோடு இவனை உடனே முடிச்சுப்போடுவது முறையன்று. பெயர் ஒன்றானால் ஆளும் ஒன்றாகிவிடாது. ஆனால் மேற்கே தன் பெயரில் காசு வெளியிட்ட ஒரு தமிழ்த் தலைவனும், தெற்கே ஆற்றங்கரைச் சந்தையில் கடல் கடந்து வந்து புழங்கிய செப்புச் சில்லறையும் இருந்த நாட்டை, காசறியாத காடு என்று எவ்வாறு கருதுவது?

சங்ககாலத்துக்கும் பல்லவர் எழுச்சிக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளை, களப்பிரர் பெயரைச் சொல்லி, 'இருண்ட காலம்' என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பிறந்த காசுகள் கரூரிலும் மதுரையிலும் திருக்கோவலூரிலும் கிடைத்திருக்க, அதே காலத்தை இருள் என்பது அக்காலத்தின் குற்றமன்று, நம் பார்வையின் குற்றமே என்பது என் துணிபு. பொற்காசு பெருஞ்சரக்குக்கு ஈடாக வந்து புதையலாக மண்ணுக்குள் போகும்; ஒரு கிராம் செப்போ உப்புக்கும் எண்ணெய்க்கும் கைமாறிக் கைமாறித் தேயும். தேய்மானம் சந்தை நடந்ததற்குச் சாட்சி.

ஆகவே கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் வருகிறவர்களுக்கும், ஆற்றோரம் நிலம் உழுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். களிம்பேறிய காசொன்று கையில் கிடைத்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும்போது எழுத்து போய்விடும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி அறிவிக்கவேண்டும், அதைச் செய்யுங்கள். அதற்கு முன்பாக, எந்த ஊரில், எந்தத் துறையில், எவ்வளவு ஆழத்தில், எந்த நாளில் எடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காசோடு சேர்த்து மடித்துவையுங்கள். தொல்பொருள் அறிந்தவர்களுக்குக் காசைவிட அந்தக் காகிதமே விலை மிகுந்தது.