கம்பியும் இழையும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எனக்கு அக்கா முறையாக ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிற வீடு. சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, பழைய டெலிபோன் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போடுகிறோம் என்கிறார்கள். இண்டர்நெட் ரொம்ப வேகமாக வருமாம். எனக்கு எதற்கப்பா அவ்வளவு வேகம்? ரயிலுக்கா போகிறேன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் பழைய கணக்கைப் புரட்ட வேண்டியிருந்தது.

1995 ஆகஸ்டு 15-ல் விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சென்னை போன்ற பெருநகரங்களில்தான் ஆரம்பம். மோடம் என்ற பெட்டி டெலிபோன் கம்பியில் கிரீச்சிட்டு ஓலமிடும். வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். ஒரு மெகாபைட் அளவுள்ள போட்டோ வந்து சேரப் பதினான்கு நிமிஷம். அதுவரை அந்த வீட்டில் யாரும் டெலிபோனைத் தொடக் கூடாது! 2004-ல் சர்க்கார் ஒரு கொள்கை வெளியிட்டு, 256 கிலோபிட்டாவது வந்தால்தான் பிராட்பேண்ட் என்ற பெயருக்கு யோக்கியதை உண்டு என்றது. அந்த வேகத்தில் அதே போட்டோவுக்கு அரை நிமிஷம். 100 மெகாபிட் இழையிலோ கண்ணிமைக்கும் நேரம்.

கவனித்தீர்களா? முதல் தாவலில் மிச்சம் பதின்மூன்றரை நிமிஷம். அடுத்த தாவலில் மிச்சம் வெறும் அரை நிமிஷம். போட்டோ பார்ப்பதும் கடிதம் படிப்பதும்தான் வேலை என்றால், "வேண்டாம் அக்கா, பணத்தை முடிந்து வையுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்காவின் குறை வேறு. மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். வீடியோவில் பேசினால் பேரன் முகம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. அங்கேயோ பாட்டி முகம் சதுரம் சதுரமாகச் சிதறிப்போகிறதாம். "நான் அவனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்த்ததே இல்லை" என்றார். சொல்லும்போது சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குற்றம் அந்தச் செம்புக் கம்பி ஏற்பாட்டில் இருந்தது. ஏ.டி.எஸ்.எல். என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வரும் வழி ராஜபாட்டை, வீட்டிலிருந்து போகும் வழி ஒற்றையடிப் பாதை. வீட்டில் இருப்பவர்கள் படம் பார்ப்பார்களே தவிர, தங்கள் முகத்தையே அனுப்பப்போகிறார்களா என்ற நினைப்பில் செய்த ஏற்பாடு அது! டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு எட்டிப் போகப் போக வேகமும் தேயும். இழையில் ஓடுவது வெளிச்சம். ஊருக்குள் இருக்கிற தூரத்துக்கெல்லாம் அது சளைப்பதில்லை, போகிற வழியும் விசாலம்.

ஒரு நஷ்டத்தையும் சொன்னேன். செம்புக் கம்பிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். கரண்ட் போன இரவிலும் பழைய டெலிபோன் மணி அடித்தது அதனால்தான். இழைப் பெட்டியோ வீட்டு மின்சாரத்தை நம்பிப் பிழைப்பது. "போடுங்கள் அக்கா. கூடவே அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள்."

இழை வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். பேரன் திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தான்.

"பாட்டி, மூக்குத்தி புதுசா?"

"முப்பது வருஷமாகப் போட்டிருக்கிறேனடா" என்றார் அக்கா.