அபலையின் பித்து

பெண்ணொருத்தி பித்துக்கொண்டு பிதற்றினால், காதலால் வந்த கோலம் என்பர் கவிஞர். பேய் பிடித்தது என்பர் பாமரர். 1911-இல் மருத்துவமனை அமைந்தது முதல் வசைச்சொல்லாகிவிட்ட தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புக என்பர் படித்தவர். டத்தோ கிராமாட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இம்மூன்றையன்றி வேறு விடையை நாம் கேட்டதில்லை. மூன்றுமே அவளுடைய வீட்டாரை விசாரணையின்றி விடுவித்துவிடுகின்றன.

ஷேக்ஸ்பியர் 1600-ஐ ஒட்டி இயற்றிய ‘ஹாம்லெட்’ நாடகத்து ஒபீலியாவை எடுத்துக்கொள்வோம். கதை நம்மவர்க்குப் புதிதன்று. பினாங்கில் 1880-களில் தோன்றிய பங்சாவான் கலை அதனை மலாய் மேடைக்குக் கொண்டுவந்தது. சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ என அதனைத் தமிழாக்கினார். ஒபீலியாவுக்கு அவர் இட்ட பெயர் அபலை. வலிமையற்றவள் என்பது பொருள். பெயரிலேயே தீர்ப்பு! முதலியாரின் நாடகத் தொண்டு பெரிது. எனினும் இப்பெயரை நாம் ஏற்பதற்கில்லை.

முதல் அங்கத்தில் தமையன் அவளுக்கு உபதேசம் செய்கிறான். தந்தை பொலோனியஸ், இளவரசனோடு பேசலாகாது என்று கட்டளையிடுகிறான். பணிகிறாள். பின்பு அதே தந்தை அவளைத் தூண்டிற்புழுவாக இளவரசன்முன் நிறுத்தி, அரசனோடு மறைந்து நின்று ஒட்டுக்கேட்கிறான். இளவரசன் அவளை ஏசிச் செல்கிறான். அப்பால் அவன் கையாலேயே தந்தை கொலையுண்கிறான்.

இவ்விடத்தைப் பலர் நில்லாது கடந்துவிடுகின்றனர். பொலோனியஸின் உடலை அரசன் அவசரமாய், கமுக்கமாய்ப் புதைத்துவிடுகிறான். அது அறிவீனம் என்று பின்னர்த் தானே ஒப்புகிறான். தமையனோ பிரான்சில். உடனிருந்து அழ ஒரு பெண்ணில்லை. நம் தோட்டத்து லயத்தில் ஒரு சாவு நேர்ந்தால், பெண்கள் கூடிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். அதனை அநாகரிகம் என்று இகழும் சீர்திருத்தக்காரர் நம்முள் உண்டு. கூலிக்கு மாரடிப்பதை நாமும் ஆதரிப்பவரல்லர். ஆயினும் துக்கத்திற்கு வாயும் துணையும் தருவது அவ்வொப்பாரியே. ஒபீலியாவுக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே நான்காம் அங்கத்தில் அரண்மனைக்குள் வந்து தனியே பாடுகிறாள். ஒரு பாட்டிலே கல்லறை. மற்றொன்றிலே கன்னியை ஏமாற்றிக் கைவிட்டவன்.  தன் துயரை ஏவுவாரின்றிச் சபையறிய அவள் சொல்வதும் அங்கேதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் மேடையினர் அப்பாட்டுகளில் ‘ஆபாச’ வரிகளை வெட்டி, அவளைச் சாந்தமான அழகியாக்கினர். ஓவியர் மில்லே 1852-இல் அவளைப் பூக்களோடு நீரில் மிதக்கவிட்டார். அதற்காகத் தொட்டித் தண்ணீரில் கிடந்து நோயுற்றவள் எலிசபெத் சிடால் என்னும் இளம்பெண்.

நாடகத்தின் முடிவில் அழகு எதுவுமில்லை. பெருங்குடியிற் பிறவாதிருந்தால் இவளுக்கு இந்தக் குழியும் கிடைத்திராது என்று குழிவெட்டுவோர் பேசிக்கொள்கின்றனர். தற்கொலையோ என்னும் ஐயத்தால் பாதிரியார் சடங்கைச் சுருக்குகிறார். தந்தைக்கு மறுக்கப்பட்டதே மகளுக்கும். இன்னும் என்ன சடங்கு உண்டு என்று தமையன் இருமுறை கேட்கிறான்.