கைநாட்டின் வரலாறு

கைநாட்டு என்னும் சொல்லை அறியாத தோட்டப்புறத் தமிழர் இலர். எழுத்தறியாத நம் பாட்டன்மார் சம்பளப் பட்டியலில் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்த அடையாளம் அது. ஒருவனைக் 'கைநாட்டுப் பேர்வழி' என்றால் கல்லாதவன் என்பது பொருள். இன்றோ கற்றாரும் கல்லாரும் ஒருங்கே விரலை நீட்டுகின்றனர். வங்கியிலும், அலுவலக வாயிலிலும், கைத்தொலைபேசியிலும் விரலே திறவுகோல். இம்மாற்றம் வந்த வழியை அறிதல் ஆசிரியர்களாகிய நமக்கு இன்றியமையாதது.

இக்கதை வங்காளத்தில் தொடங்குகிறது. 1858இல் ஜங்கிபூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குப் பொருள் தர ஒப்பிய ராஜ்யதர் கோனாய் என்பவரின் கைத்தடத்தை ஒப்பந்தத்தில் பதியச் செய்தார். பின்னர் மறுக்கக் கூடாதென்பதே நோக்கம். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் அமைந்தது. ரேகைகளை 1024 பிரிவுகளாக வகுக்கும் முறைக்கு எட்வர்டு ஹென்றியின் பெயர் வாய்த்தது. அதன் கணக்கை வகுக்க உழைத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர். 1900இல் ஹென்றி தென்னாப்பிரிக்கா சென்று ஜோகானஸ்பர்க்கில் காவல் துறையை அமைத்தார்.

அந்நாட்டில்தான் தமிழர்க்கும் விரல்ரேகைக்கும் பெரும்போர் மூண்டது. 1906இல் டிரான்ஸ்வால் அரசு ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு ரேகை தரவேண்டும். மறுப்போர்க்கு அபராதம், சிறை, நாடு கடத்தல். ஹென்றியின் நூலைப் படித்த காந்தியடிகள், குற்றவாளிகளிடமே சட்டம் ரேகையை வற்புறுத்துகிறது என்று கண்டார். குற்றம் செய்யாத ஓர் இனத்தையே குற்றவாளிகளாக எண்ணுவதன்றோ இது? அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகானஸ்பர்க்கில் கூடிய மக்கள் இதற்குப் பணிவதில்லை என உறுதி பூண்டனர்.

1908 ஜனவரியில் ஓர் உடன்பாடு எழுந்தது. அதில் காந்தியடிகளோடு ஒப்பமிட்டவருள் ஒருவர் மொரிசியசில் பிறந்த தம்பி நாயுடு. தாமே முன்வந்து பதிவு செய்தால் கட்டாயச் சட்டம் நீங்கும் என்று இந்தியர் நம்பினர். காந்தியடிகளும் ரேகை தர ஒப்பினார். அதனைப் பொறாத சிலர் பிப்ரவரி 10ஆம் நாள் அவரை அடித்து வீழ்த்தினர். ஆயினும் சட்டம் நீங்கவில்லை. ஆகஸ்டு 16ஆம் நாள் ஹமீதியா பள்ளிவாசல் முன்றிலில் 2000க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் தீயிலிடப்பட்டன. விரலை நீட்டியவரே சீட்டையும் எரித்ததில் முரண் யாதும் இல்லை. இசைந்து கொடுப்பது வேறு, பறித்துக்கொள்வது வேறு என்பதே அவர்கள் உணர்த்திய பாடம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1948இல் அவசரகாலம் பிறந்தபின், 12 வயது முதலானோர்க்குப் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. 2001இல் வந்த மைகாட்டில் அந்த ரேகை சில்லுக்குள் புகுந்தது. 2005இல் கோலாலம்பூர்ப் புறநகரில், விரல் வைத்தாலன்றி இயங்காத காரைக் கவர்ந்த கள்வர், அதன் உரிமையாளரின் சுட்டுவிரலையே வெட்டிச் சென்றனர். பூட்டின் வலிமை உடைமையாளரின் உடலுக்கே கேடானது.

இக்காலக் கள்வனுக்கு அரிவாளும் வேண்டியதில்லை. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் களவுபோயின. கடவுச்சொல் களவு போனால் வேறு சொல் அமைக்கலாம்; விரலை மாற்ற இயலுமோ? ஆகவே அறிஞர் சில காப்புகளை வகுத்துள்ளனர். ரேகையின் படத்தைச் சேமிக்காமல், கோடுகள் பிரியும் இடங்களையும் முடியும் இடங்களையும் எண்களாக்கிப் பூட்டிவைத்தல் ஒன்று. ஒப்புநோக்கலை அட்டைக்குள்ளேயே முடித்து, ரேகையை வெளியே விடாமை மற்றொன்று. வைக்கப்பட்ட விரல் உயிருள்ளதா எனச் சோதித்தல் பிறிதொன்று.

கருவிக்காப்போடு சட்டக்காப்பும் வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2018இல் ஆதாரை ஏற்றுக்கொண்டபோதும், தனியார் நிறுவனங்கள் அதனைக் கோருவதற்கு இடந்தந்த விதியைத் தள்ளியது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உடலடையாளங்களும் நுண்மையான தகவல்களுள் சேர்க்கப்பட்டன. ஆயின் அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மக்களின் ரேகையை மிகுதியாக வைத்திருப்பது அரசே என்பதை எண்ணுங்கால், இக்குறை சிறிதன்று.

தம்போயில் என்னிடம் பயிலும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வயது நிரம்பியதும் பதிவிலாகா சென்று பெருவிரலை வைக்கின்றனர். வளர்ந்தோம் என்ற பெருமிதத்தோடு திரும்புகின்றனர். அவர்களிடம் நான் சொல்வது இது: "தம்பி, தங்கச்சி, உங்கள் பாட்டனார் எழுதத் தெரியாததால் விரல் வைத்தார். நீங்கள் எழுதத் தெரிந்தவர்கள். ஆகவே விரல் வைக்குமுன், எதற்கு, யாரிடம், எத்தனை காலத்துக்கு என்று கேளுங்கள்." கேட்கத் தெரிந்தவன் வைக்கும் கைநாட்டே கற்றவன் கையொப்பம்.